சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள்: மலேசியத் தமிழரின் தலைவர்களும் கலைஞர்களும்

ஜொகூர் பாருவின் கிழக்கே, தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் தொடங்கும் பெர்மாஸ் ஜெயாவில் தோட்ட வாழ்வின் தடயம் எதுவும் எளிதில் கண்ணில் படாது. வரிசை வீடுகளும் கடை வீடுகளும் பேரங்காடியும் நிறைந்த இந்தப் புறநகர்ப் பகுதியில் வாழும் தமிழர்களில் சிலர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கிக் கிளம்புகிறார்கள். சிலர் பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்கும் துறைமுகத்துக்கும் போகிறார்கள். பலர் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கிறார்கள். ஆனால் இக்குடும்பங்களின் பூர்வீகத்தை விசாரித்தால் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் அது பெரும்பாலும் ஏதோ ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது பால்மரத் தோட்டத்தில்தான் போய் நிற்கும். ஜொகூரில் இன்று இயங்கும் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை, தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறி நெடுங்காலம் ஆன பின்னும், தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. மறைந்துபோன அந்த நிலத்தோடு சேர்த்துத்தான் மலேசியத் தமிழரின் இன அடையாளமும், அதை ஒட்டி எழுந்த நீதிக் கோரிக்கைகளும் உருவாயின. அக்கோரிக்கைகளைத் தலைவர்கள் ஒரு விதமாகவும் கலைஞர்கள் வேறு விதமாகவும் முன்னெடுத்தார்கள். அரசையும் முதலாளியையும் நோக்கிப் பேசவேண்டியிருந்த தலைவர்கள் சமூகத்தை ஒரே முகம் கொண்டதாகக் காட்டியாகவேண்டிய நெருக்கடியில் இருந்தனர். கலைஞர்களோ அந்த ஒற்றை முகத்துக்குள் இருந்த சாதியையும் குடியையும் வீட்டு வன்முறையையும் திறந்து காட்டினர். இவ்விரு குரல்களும் ஒன்றாக ஒலித்த காலங்கள் மிகச் சிலவே என்பதும், அவை பிரிந்ததால் இரண்டுமே வலுவிழந்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மலேசியாவில் இனம் என்பது முதலில் ஒரு நிர்வாக வகைமை. பிறப்புச் சான்றிதழில் தொடங்கிப் பள்ளிச் சேர்க்கை, அரசு விண்ணப்பம் வரை ஒவ்வொரு குடிமகனும் மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்ற கட்டங்களில் ஒன்றில் பதிவாகிறார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காட்டினர். அவர்களில் பெரும்பான்மையோர் தமிழர் என்றாலும் மலையாளிகள், தெலுங்கர், பஞ்சாபியர், யாழ்ப்பாண வழியினர் ஆகியோரும் அதே கட்டத்துக்குள் அடக்கப்பட்டனர். இக்கட்டங்களை வரைந்தது காலனிய ஆட்சி. அவற்றுக்கு வாழ்க்கை வடிவம் கொடுத்தது தோட்டம்.

1909இல் ஜொகூர் மாநில இரயில் பாதை நிறைவடைந்து தீபகற்பத்தின் வடபகுதியோடு ஜொகூர் பாரு இணைந்தபோது, அதுவரை காடாகவும் சீனர்களின் மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களாகவும் இருந்த உள்நிலங்கள் இரப்பர் நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் கைவிடப்பட்ட பின், இத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு கங்காணிகளிடம் வந்தது. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் நிர்வாகத்தின் உரிமச் சீட்டோடும் முன்பணத்தோடும் தம் சொந்த ஊருக்குப் போய் உறவினரையும் தம் சாதியினரையும் அழைத்து வருவதே கங்காணி முறை. தாம் கொண்டுவந்தவர்களில் எத்தனை பேர் அன்றாடம் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. எனவே காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளியை லயத்திலிருந்து எழுப்பிப் பெரட்டுக்கு அனுப்புவதில் அவருக்கு நேரடி ஆதாயம் இருந்தது. லயம் என்பது தொழிலாளர்க்கென நீளவாக்கில் கட்டப்பட்ட ஓரறை, ஈரறை வீடுகளின் வரிசை. பெரட்டு என்பது விடியற்காலை இருட்டில் தொழிலாளரை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அணிவகுப்பு. பேரேட்டைக் கையில் வைத்திருந்த கிராணி பெரும்பாலும் மலையாளியாகவோ யாழ்ப்பாணத் தமிழராகவோ இருந்தார். அவருக்கு மேலே ஐரோப்பியத் துரை. கீழே வேலையை மேற்பார்க்கும் தண்டலும் கங்காணியும். எல்லாருக்கும் கீழே பால்மரம் வெட்டும் ஆணும் பெண்ணும். இன அடுக்கு என்பது இத்தொழிலாளிக்கு ஒவ்வொரு நாளும் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்பதிலேயே தெரிந்த ஒன்று.

கூலியிலும் இனம் எழுதப்பட்டிருந்தது. 1920களின் இறுதியில் முக்கியப் பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்த சீனத் தொழிலாளர் அதே மரத்தை வெட்டி அதைவிட அதிகம் பெற்றனர். தமிழர் அடங்கிப் போகிறவர்கள், எளிதில் நிர்வகிக்கத் தக்கவர்கள் என்று தோட்டக்காரர்கள் தம்முள் சொல்லிக்கொண்ட மதிப்பீடே இந்த வேறுபாட்டுக்கு நியாயமாக முன்வைக்கப்பட்டது. 1938இல் கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டபோது இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. கங்காணி முறையும் அத்துடன் முடிவுக்கு வந்தது. ஆனால் கங்காணி தம் சாதியினரையே அழைத்து வந்ததன் விளைவாக லயங்களுக்குள் உருவான சாதிப் பிரிவினை முடிவுக்கு வரவில்லை. மானுடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட மலாயாத் தோட்ட ஆய்வு, உறவும் சாதியும் தோட்ட அதிகார அடுக்கோடு எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை ஒரே தோட்டத்தை நெருங்கி நோக்கி விளக்கியது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அவர்கள் அனைவரும் 'கூலிகள்'. உள்ளே யார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பது என்பதுவரை பிரிவினை இருந்தது. இந்த இரட்டை நிலையைக் கணக்கில் கொள்ளாமல் மலேசியத் தமிழரின் நீதி வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

உள்ளே இருந்த அந்த அநீதியை முதன்முதலில் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது சுயமரியாதை இயக்கம். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ. இராமசாமி பினாங்கில் வந்திறங்கியபோது வசதி படைத்த சில சைவ, வைணவப் பிரமுகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். தொழிலாளரும் சிறு வணிகரும் திரளாக வரவேற்றனர். அவ்வருகையின் தாக்கத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தமிழர் சீர்திருத்தச் சங்கங்கள் தோன்றின. திருவாரூரில் பிறந்து இளவயதில் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி அந்த அலையில் உருவான தலைவர்களுள் முதன்மையானவர். அவர் 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு', நீரிணையின் இரு கரைகளிலும் வாசிக்கப்பட்டு, சாதி மறுப்பையும் எழுத்தறிவையும் மதுவிலக்கையும் தொழிலாளர் உரிமையையும் ஒரே பேச்சாக நடத்தியது. 1952 முதல் அவர் ஒருங்கிணைத்த தமிழர் திருநாள், தைப்பொங்கலைச் சமயம் கடந்த பொதுவிழாவாக்கி, இந்துவும் கிறித்தவரும் முஸ்லிமும் தமிழராக ஒரே பந்தலில் கூடும் இடத்தை உண்டாக்கியது. நாடகமும் கவியரங்கமும் பேச்சுப் போட்டியும் நிறைந்த அவ்விழா கலைமேடையா, அரசியல் மேடையா என்று பிரித்துச் சொல்ல இயலாது. அதுவே அதன் வலிமை. சாரங்கபாணி ஒரே சமயத்தில் பத்திரிகையாளராகவும் சமூகத் தலைவராகவும் இலக்கியப் புரவலராகவும் இருந்தார் என்பது தற்செயல் அன்று. அந்தத் தலைமுறையில் இம்மூன்றும் ஒரே பணியாகவே கருதப்பட்டன.

இந்த ஒருமை தொழிலாளர் போராட்டமாக வெடித்த இடம் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரம். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்று அமைத்த கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், 1941இன் முற்பகுதியில் தோட்டந்தோட்டமாக வேலைநிறுத்தத்தை நடத்தியது. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை வெறும் கூலிப் பட்டியலாகப் படித்தால் அதன் பாதியே புரியும். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, வேலை நேரக் குறைப்பு, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி ஆகியவற்றோடு, தொழிலாளரைக் கொடுமைப்படுத்தும் கிராணிகளை நீக்கவேண்டும், தோட்டத்துக்குள் இருக்கும் கள்ளுக்கடைகளை மூடவேண்டும், உறவினரும் நண்பரும் தடையின்றி லயத்துக்கு வந்துபோக அனுமதிக்கவேண்டும், கூட்டம் கூடும் உரிமையும் பேச்சுரிமையும் வேண்டும் என்பனவும் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று தனித்து நிற்கிறது: துரையோ தோட்ட அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்.

சைக்கிள் அக்காலத்தில் ஒரு தொழிலாளி தம் சேமிப்பில் வாங்கக்கூடிய மிகப் பெரிய உடைமைகளில் ஒன்று. தோட்டத்துச் செம்மண் பாதையில் தம் சொந்த வண்டியில் போய்க்கொண்டிருப்பவர், எதிரே வரும் வெள்ளையரைக் கண்டதும் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு, அவர் கடந்து போகும்வரை ஓரமாக நிற்கவேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இவ்விதி, கூலிக் குறைப்பைக் காட்டிலும் தெளிவாக ஒரு மனிதரின் இடத்தை அவருக்கு உணர்த்தியது. வேலைநிறுத்தக் காலத்தில் தொழிலாளர் காந்தித் தொப்பி அணிந்து, துரைகளின் எதிரே சைக்கிளில் அமர்ந்தபடியே சென்றது தோட்டக்காரர்களைக் கலங்கவைத்தது. கூலியைப் பற்றிப் பேரம் பேச அவர்களிடம் வழி இருந்தது, இதைப் பற்றிப் பேச வழி இல்லை. 1941 மே மாதம் நாதன் கைதாகிப் பின் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சியை அடக்கப் படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தோல்வியில் முடிந்த இப்போராட்டமே மலேசியத் தமிழர் வரலாற்றில் மிக முழுமையான நீதிக் கோரிக்கை என்று கருதுவதற்குக் காரணம் உண்டு. வெளியே உள்ள இன அவமதிப்பையும், உள்ளே குடும்பத்தைக் குலைத்த கள்ளையும் அது ஒரே தாளில் எழுதியது. இவற்றில் ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைக்கவேண்டும் என்ற எண்ணம் அப்போது இன்னும் வரவில்லை.

பின் வந்த பத்தாண்டு அந்த இணைப்பை முறித்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது சயாம் – பர்மா இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டுக் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் நேசநாட்டுப் போர்க் கைதிகளின் துயரமே; கல்லறை வரிசைகளும் திரைப்படமும் அவர்களுக்கு இருந்தன, தோட்டத் தமிழர்க்கு இல்லை. அதே காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள், வாழ்வில் முதல்முறையாகச் சாதியும் லயமும் கேட்காத ஓர் அணிவகுப்பில் நின்றனர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை என்ற தமிழர் அமைப்பு கள்ளுக்கடைகளை மறித்தது. 1947இல் பெடோங் வட்டாரத்தில் காவல்துறை அதை ஒடுக்கியது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார்; அதற்கு முந்தைய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவசரகாலச் சட்டத்தின் நிழலில் மூன்று இனத் தொழிலாளரையும் ஒன்றாகத் திரட்டக்கூடிய அரசியல் அடியோடு அழிந்தது. எஞ்சியவை இரண்டு பாதைகள்: 1946இல் தோன்றிய மலேசிய இந்தியர் காங்கிரஸ் வழியாக இனத்தின் பெயரால் ஆட்சிக் கூட்டணிக்குள் பேரம் பேசுவது, 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வழியாகக் கூலியை மட்டும் பேசுவது. இவ்வாறு நீதியின் பரப்பு சுருங்கியது. அச்சுருக்கத்துக்குள்ளும் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டே வாங்கியது என்பதை மதிப்போடு குறிப்பிடவேண்டும்.

1969 மே 13 கலவரத்துக்குப் பின் வந்த கொள்கைகள் இன்றைய மலேசியத் தமிழரின் நிலையை வடிவமைத்தன. குடியுரிமையின் அடையாளமான நீல அட்டை இல்லாமல் சிவப்பு அட்டை மட்டும் வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில், வேலை அனுமதி மறுக்கப்பட்டு, பிறந்த மண்ணையே விட்டுக் கப்பலேறினர். 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கை இரண்டு நோக்கங்களை அறிவித்தது: இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது, இனத்தைத் தொழிலோடு அடையாளப்படுத்தும் நிலையை நீக்குவது. இரண்டாவது நோக்கத்தைப் படிக்கும் எவர்க்கும் பால்மரம் வெட்டும் தமிழரே அதன் முதல் எடுத்துக்காட்டாகத் தோன்றுவார். ஆனால் நடைமுறையில் அது பூமிபுத்ரா எனப்படும் மலாய்க்காரர் மற்றும் பூர்வகுடியினரின் பொருளாதாரப் பங்கை 30 விழுக்காடாக உயர்த்துவதையே மையமாகக் கொண்டது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது தமிழர் தொழிலோடு வீட்டையும் பள்ளியையும் கோயிலையும் ஒருசேர இழந்து, நகர விளிம்புகளில் புறம்போக்குக் குடிசைகளில் சேர்ந்தனர். அதே 1971இல் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாடு, நாட்டின் பண்பாடு இவ்வட்டாரப் பூர்விக மக்களின் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ளவேண்டும், பொருத்தமான பிற கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் அதில் முக்கிய அங்கம் என வரையறுத்தது. 'பொருத்தமானது' எது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதே அதன்பின் தமிழ்க் கலைஞர் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட கேள்வி.

இக்கட்டத்தில்தான் கலைஞர்கள் தலைவர்களிடமிருந்து விலகித் தனி வழியில் நடக்கத் தொடங்கினர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் கல்லறை இல்லாமல் போனவர்களுக்கு எழுத்தில் இடம் கொடுத்தன. அரசு செய்யாத நினைவுப் பணியை நாவல் செய்தது. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை'யில் அவசரகாலத்தின் தோட்டத்தையும், காட்டுக்கும் காவல்துறைக்கும் இடையில் நசுங்கியவர்களையும் எழுதினார். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்ட வாழ்வை அதன் பேச்சோடும் நாற்றத்தோடும் முன்வைத்தது. பெடோங்கில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய கே.எஸ். மணியம், 1981இல் வெளியான தம் முதல் நாவலில், நிலத்தின் மேல் உரிமை கோரி உடைந்து போகும் ஒரு தந்தையை மையமாக்கினார். இவர்கள் யாரும் சமூகத்தை அழகுபடுத்தவில்லை.

தோட்டம் உடைந்த பிறகான வாழ்வை மிகத் துல்லியமாகப் பிடித்தது சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' திரைப்படம். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் தீபக் குமரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை', 1960களின் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போக விரும்பும் ஒரு பெண்ணைக் காட்டியது. அங்கே கல்வி ஒரு வாசலாக இருந்தது. 'ஜகாட்' அவ்வாசல் அடைபட்ட 1990களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. பன்னிரண்டு வயது அப்போய்க்கு முன்னால் மூன்று ஆண்கள் நிற்கிறார்கள்: படித்து மேலேறவேண்டும் என்று அடித்து வளர்க்கும் தந்தை மணியம், குண்டர் கும்பலில் மரியாதை தேடும் சித்தப்பன் மெக்சிகோ, போதையிலிருந்து மீள முயலும் இன்னொரு சித்தப்பன் பாலா. கற்பனை வளம் மிக்க அந்தச் சிறுவனின் திறமையைப் பள்ளி குற்றமாகப் பார்க்கிறது. வீட்டில் தந்தையின் பிரம்பு. இனப் பாகுபாட்டைப் பற்றி ஒரு வசனமும் உரக்கப் பேசப்படாத இப்படத்தில், பாகுபாடு எப்படி ஒரு தந்தையின் கைக்கு இறங்கி மகன் முதுகில் விழுகிறது என்பதே காட்டப்படுகிறது. எந்த அரசியல் மேடையும் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் 'நம் இனத்தையே இழிவுபடுத்துகிறார்' என்ற பழி வந்திருக்கும்.

2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழா இப்படத்தை, உரையாடலில் பெரும்பகுதி மலாயில் இல்லை என்ற காரணத்தால், சிறந்த படத்துக்கான முதன்மைப் பிரிவில் சேர்க்காமல் பிறமொழிப் பிரிவுக்கு ஒதுக்கியது. எதிர்ப்பு தமிழரிடமிருந்து மட்டும் வரவில்லை. மூத்த ஒளிப்பதிவாளர் முகமது நூர் காசிம் விழாவிலிருந்து விலகினார். நடிகர் அஃப்ட்லின் ஷவுக்கியும் விலகினார். நெருக்கடிக்குப் பின் எல்லா மொழிப் படங்களும் போட்டியிடக்கூடிய சிறந்த மலேசியப் படம் என்ற பிரிவு உருவாக்கப்பட்டது. 'ஜகாட்' அவ்விருதைப் பெற்றது. 1971இல் கேட்கப்பட்ட 'பொருத்தம்' பற்றிய கேள்விக்கு, மலாய்க் கலைஞர்களே தமிழ்ப் படத்துக்காக நின்று கொடுத்த பதில் அது. 1983இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கிய ரம்லி இப்ராஹிம், மலாய் முஸ்லிமாக இருந்து ஒடிசியையும் பரதத்தையும் தம் வாழ்க்கைப் பணியாக்கியதும் இதே திசையில் நடந்த நெடும்பயணம்.

உட்சமூகத் தணிக்கையின் கூர்மை ம. நவீன் 2019இல் வெளியிட்ட 'பேய்ச்சி' நாவலின் வழியாக வெளிப்பட்டது. 1981இல் கெடாவின் லூனாஸ் வட்டாரத்தில் நச்சுச் சாராயம் குடித்துத் தோட்டத் தமிழர் இறந்த நிகழ்வை உள்வாங்கிய அந்நாவலுக்கு எதிராகத் தமிழ் வட்டாரத்திலிருந்தே கண்டனங்கள் எழுந்தன. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு ஆபாசமும் ஒழுக்கக்கேடும் உள்ளதாகச் சொல்லி, 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ் அதைத் தடை செய்தது. கிள்ளான் தொழிலாளர் 1941இல் கள்ளுக்கடையைத் தம் கோரிக்கைத் தாளிலேயே எழுதினார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே குடியின் அழிவை எழுதிய நாவலுக்கு எதிரான குரல் சமூகத்தின் உள்ளிருந்தே எழுந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே சமூகம் இழந்தது சிறிதன்று.

தலைவர்களின் பாதையில் இதற்கு இணையான திருப்பம் 2007இல் நிகழ்ந்தது. ஷா ஆலம் அருகே பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் அக்டோபர் 30 அன்று இடிக்கப்பட்டதை அடுத்து, இண்ட்ராஃப் என்ற அமைப்பின் அழைப்பில் நவம்பர் 25 அன்று பல்லாயிரம் பேர் கோலாலம்பூரில் திரண்டனர். ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து கைவிட்டதற்குப் பிரிட்டனே பொறுப்பு என்று அந்நாட்டுத் தூதரகத்தில் மனுக் கொடுப்பது அவர்கள் நோக்கம். கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த நீரும் பீய்ச்சப்பட்டன; டிசம்பரில் ஐந்து தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையில் வைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டனர். அடுத்த மார்ச் தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அறுபது ஆண்டு அச்சத்தை அந்த ஒரு காலைப்பொழுது உடைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்து என்ற சமய அடையாளத்தின்கீழ் திரண்டதால் கிறித்தவத் தமிழரும் தமிழ் முஸ்லிம்களும் ஓரங்கட்டப்பட்டனர். சாதி பேசப்படவே இல்லை. சாரங்கபாணியின் பந்தலைவிட இண்ட்ராஃபின் பந்தல் சிறியது.

அந்தக் கூட்டத்தில் நின்ற இளைஞர்களின் காதில் ஒலித்துக்கொண்டிருந்த இசையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2006இல் வெளிவந்த யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ராப் வடிவத்தைத் தமிழாக்கி, தோட்டப் பேச்சுக்கு நகர வீதியில் மதிப்புத் தேடித் தந்தது. அதைவிட ஆழமாக வேரோடியது உறுமி மேளம். இடை சிறுத்த இருமுக மேளத்தின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து இழுக்கும்போது எழும் ஓலமும், மறுமுகத்தில் விழும் அடியும் சேர்ந்த அந்த ஒலி, தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் வாத்தியமாக ஒதுக்கப்பட்டது. மலேசியாவில் அதே வாத்தியம் தைப்பூச ஊர்வலங்களில் இளைஞர் அணிகளின் பெருமிதமாகியது. சீருடையும் கொடியும் கொண்ட அக்குழுக்களைக் குண்டர் கும்பலோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் சமூகத் தலைவர்களிடமும் காவல்துறையிடமும் உண்டு. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசை தடைசெய்யப்பட்டு, அண்மை ஆண்டுகளில்தான் படிப்படியாக அனுமதிக்கப்பட்டு வருகிறது. பாலத்தின் ஒரு முனையில் சத்தமாகவும் மறுமுனையில் அனுமதிச் சீட்டோடும் ஒலிக்கும் இவ்வாத்தியத்தை, சாதி மேலோங்கிய பழைய மதிப்பீடு தோற்றுப்போன இடமாகக் காண்பதே பொருத்தம். ஜொகூர் பாருவிலும் கிளை பரப்பியுள்ள நுண்கலைக் கோயில் போன்ற அமைப்புகள் பரதத்தையும் கர்நாடக இசையையும் வளர்க்கும் அதே நகரில், உறுமிக்கும் ஓர் அரங்கு வேண்டும்.

பெர்மாஸ் ஜெயாவுக்கு அண்மையில் உள்ள நிலம் இன்று வேறு வகையான அநீதியைச் சந்திக்கிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே நாளில் ஒரே மருத்துவமனை வரிசையில் நின்றபோது, பிறப்புச் சான்றிதழின் கட்டம் எதையும் விளக்கவில்லை. தொழிற்சாலைக்கு அருகில் வாழ்ந்தவர் யார் என்பதே விளக்கியது. கணபதியின் தொழிற்சங்கம் பேச முயன்ற இனம் கடந்த நீதியின் மொழி இப்படிப்பட்ட இடத்தில்தான் மீண்டும் தேவைப்படுகிறது. அதை எழுதும் நாவலோ படமோ இன்னும் தமிழில் வரவேண்டியிருக்கிறது.

அம்மொழியின் உண்மையான சோதனை மற்றோரிடத்தில் இருக்கிறது. தமிழர் வெளியேறிய தோட்டங்களிலும், ஜொகூரின் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் இன்று உழைப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் நாட்டினர். இந்தியாவிலிருந்து வந்த தமிழ்நாட்டு ஒப்பந்தத் தொழிலாளரும் அவர்களுள் உண்டு. கடப்பிதழை முதலாளி பிடித்து வைப்பது, ஆள்பிடிக்கும் முகவருக்குக் கடன்பட்டு வருவது, நெரிசலான கொட்டகையில் தங்குவது ஆகியவை கங்காணி காலத்தை அறிந்த சமூகத்துக்குப் பழக்கமான கதைகள். கெடாவில் மலையாளக் குடும்பத்தில் பிறந்து, 1991இல் தெனாகானித்தா என்ற பெண் தொழிலாளர் உரிமை அமைப்பை நிறுவிய ஐரின் ஃபெர்னாண்டஸ், 1995இல் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பட்ட கொடுமைகளை அறிக்கையாக்கினார். அதற்காக அடுத்த ஆண்டே அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2008 நவம்பரில் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெறும்வரை ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் அவர் அவ்வழக்கைச் சுமந்தார். அவர் யாருக்காகப் பேசினாரோ அம்மனிதர்களில் பெரும்பாலோர் அவருடைய இனத்தவரும் அல்லர், வாக்காளரும் அல்லர். மலேசியத் தமிழ்த் தலைவர்களில் மிகச் சிலரே அவர் போன வழியில் போயிருக்கிறார்கள். நாதனின் கோரிக்கைத் தாளில் இருந்த உறவினர் வந்துபோகும் உரிமை, கூடிப் பேசும் உரிமை, சம வேலைக்குச் சமக் கூலி ஆகிய மூன்றும் பாசிர் கூடாங்கிலும் உலு திராமிலும் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் பலருக்கு இன்றும் கைக்கு எட்டவில்லை. அவர்களில் சங்கத்தில் சேரத் துணிபவர் வேலை அனுமதியை இழக்கும் அபாயத்தோடுதான் அதைச் செய்கிறார்.